14 ஆட்டம் ஜெயித்தவர் ஏன் விருந்தாளியாகப் போனார்? என்எஃப்எல் ப்ளேஆஃபுக்கு ஓர் எளிய அறிமுகம்

2025 ஜனவரி 13. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், ப்ளேஆஃபின் முதல் சுற்று. மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியும் மோதின. அந்த சீசனில் ஆடிய 17 ஆட்டங்களில் வைக்கிங்ஸ் வென்றது 14. ராம்ஸ் வென்றது 10. ஆனால் சொந்த மைதானத்தில் ஆடும் சலுகை ராம்ஸுக்குக் கிடைத்தது. அந்த வாரம் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயில் சிக்கியிருந்ததால் ஆட்டத்தை அரிசோனாவுக்கு மாற்றினார்கள். மைதானம் மாறியும் ராம்ஸ்தான் வீட்டு அணி, வைக்கிங்ஸ்தான் விருந்தாளி. ராம்ஸ் 27-9 என்று ஜெயித்துவிட்டுப் போனது.

நமக்கு அது செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் அலுவலகத்தில் இந்த லீக்கை அரைகுறையாகப் பின்தொடர்கிற நாலைந்து பேர் இருக்கிறோம். டீ நேரத்தில் ஒருவர் கேட்டார்: “டேபிள்ல மேல இருக்கிறவன் எதுக்குக் கீழ இருக்கிறவன் ஊருக்குப் போகணும்?” இன்னொருவர், “எல்லாம் டிவி காசு சார்” என்றார். மூன்றாமவர், “குலுக்கல்ல வந்திருக்கும்” என்றார். மூன்று பேர் பேச்சுக்கும் அடியில் ஒரே அனுமானம் இருந்தது: லீக் சுற்று முடிந்ததும் மொத்தப் பட்டியலில் மேலே இருக்கும் அணிகளை எடுத்துக்கொள்வதுதான் ப்ளேஆஃப்.

என்எஃப்எல்லில் அப்படி ஒரு மொத்தப் பட்டியலே கிடையாது. இது ஒன்று புரிந்துவிட்டால் மீதியெல்லாம் வரிசையாக விளங்கிவிடும்.

முதலில், எந்தக் கால்பந்து?

ஹெல்மெட் போட்டுக்கொண்டு, இரண்டு முனையும் கூர்மையான பந்தைக் கையில் அணைத்தபடி ஓடுகிற ஆட்டம். காலுக்கு அதில் வேலை குறைவுதான். அமெரிக்கர்கள் அதற்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்பது வேறொரு நாள் பேச வேண்டிய சண்டை. இந்தக் கட்டுரைக்கு ஆட்ட விதிகள் அதிகம் தேவையில்லை. 32 அணிகள். செப்டம்பரில் தொடங்கி ஜனவரி தொடக்கம் வரை லீக் சுற்று. ஒவ்வோர் அணிக்கும் 18 வாரத்தில் 17 ஆட்டம். அதற்குப் பிறகு நடக்கும் நாக்-அவுட் பகுதிக்குத்தான் ப்ளேஆஃப் என்று பெயர். அதன் கடைசி ஆட்டம் சூப்பர் பௌல்.

அணியின் கணக்கை 14-3 என்று எழுதுவார்கள். 14 வெற்றி, 3 தோல்வி. ஆட்டம் சமனில் முடிந்திருந்தால் மூன்றாவதாக ஓர் எண் வரும்: 9-7-1.

குறுவட்டத்தில் ஜெயித்தவன் கதை

பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஓடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம். மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம். ஒன்பதாம் வகுப்பில் நான் 400 மீட்டரில் எங்கள் குறுவட்டத்தில் மூன்றாவது. பக்கத்துக் குறுவட்டத்தில் முதலில் வந்தவனின் நேரம் என்னுடையதைவிட இரண்டு விநாடி அதிகம். அவன் மாவட்டப் போட்டிக்குப் போனான், நான் வீட்டுக்குப் போனேன். அழாத குறையாக பி.டி. சாரிடம் முறையிட்டேன். அவர் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: “அவன் அவன் வட்டத்துல ஜெயிச்சான். நீ உன் வட்டத்துல ஜெயிக்கலை. அவ்வளவுதான்.”

என்எஃப்எல் ப்ளேஆஃபின் ஆதார விதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

32 அணிகளை முதலில் இரண்டு பாதியாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதிக்குப் பெயர் ஏஎஃப்சி, மறுபாதிக்கு என்எஃப்சி. இந்தப் பாதிகளை கான்ஃபரன்ஸ் என்பார்கள். ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் 16 அணி. அவற்றை மறுபடி நான்கு நான்காகப் பிரித்தால் கிழக்கு, வடக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு குட்டிக் குழுக்கள். இந்த நான்கு அணிக் குழுதான் டிவிஷன். ஆக மொத்தம் எட்டு டிவிஷன். 2002 முதல் இந்த அமைப்புதான்.

திசைப் பெயர்களை ரொம்ப நம்ப வேண்டாம். டெக்சாஸில் இருக்கும் டாலஸ் கவ்பாய்ஸ் கிழக்கு டிவிஷனில் ஆடுகிறது. நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன் அணிகளோடு அதற்குப் பல பத்தாண்டுப் பகை. அதைப் பிரிக்க யாருக்கும் மனசில்லை.

வைக்கிங்ஸ் இருப்பது என்எஃப்சி வடக்கில். கூட இருப்பவை டெட்ராய்ட் லயன்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ், சிகாகோ பேர்ஸ். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஒரே பட்டியல் போட முடியாது?

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இரண்டு முறை ஆடும். 38 ஆட்டம் முடிந்ததும் யார் மேலே யார் கீழே என்பதில் பேச்சே இல்லை, எல்லோரும் எழுதியது ஒரே கேள்வித்தாள். என்எஃப்எல்லில் இது நடக்காது. இந்த ஆட்டம் உடம்பை முறிக்கிற ஆட்டம், வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆடுவது கஷ்டம். 32 அணிகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாரோடும் ஒரே ஒரு முறை மோதுவதென்றாலே 31 வாரம் வேண்டும். இருப்பதோ 17 ஆட்டம்.

அந்த 17-ஐ இப்படிப் பிரிக்கிறார்கள். சொந்த டிவிஷனில் இருக்கும் மூன்று அணிகளோடும் இரண்டிரண்டு முறை, அது 6. தன் கான்ஃபரன்ஸிலேயே வேறொரு டிவிஷனின் நான்கு அணிகளோடு 4. எதிர்க் கான்ஃபரன்ஸின் ஒரு டிவிஷனோடு 4. எந்த டிவிஷன் என்பது ஆண்டுதோறும் சுழலும். மீதி 3 ஆட்டங்கள், போன வருடம் தன்னைப் போலவே அதே இடத்தில் முடித்த அணிகளோடு. அதாவது போன வருடம் டிவிஷனில் முதலிடம் வந்திருந்தால், இந்த வருடம் மற்ற டிவிஷன்களின் முதலிடங்களோடு மூன்று ஆட்டம். கடைசியில் வந்திருந்தால் கடைசிகளோடு.

இப்போது வைக்கிங்ஸின் 14-ஐயும் ராம்ஸின் 10-ஐயும் பாருங்கள். இரண்டு பேரும் எழுதியது வேறு வேறு கேள்வித்தாள். ஒரே கேள்வித்தாளுக்குக் கிட்டத்தட்ட நெருங்குவது ஒரு டிவிஷனுக்குள் மட்டும்தான். அங்கே நான்கு அணிகளுக்கும் 17-இல் 14 ஆட்டம் ஒரே மாதிரி அமைந்திருக்கும். அதனால்தான் லீக் “உன் டிவிஷனில் முதலில் வா” என்பதை முதல் தகுதியாக வைத்திருக்கிறது. டிவி காசும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்து ஊர்ப் பகைக்குக் கூட்டம் கூடும். ஆனால் காசுக்காக மட்டும் வந்த விதி இல்லை இது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: 32 அணி, இரண்டு கான்ஃபரன்ஸ், எட்டு டிவிஷன். எல்லாரும் எல்லாரோடும் ஆடுவதில்லை. ஆகவே பந்தயம் முதலில் டிவிஷனுக்குள் நடக்கிறது.

யார் உள்ளே வருகிறார்கள்?

கான்ஃபரன்ஸுக்கு 7 அணி, மொத்தம் 14. அந்த 7-இல் நான்கு இடம் டிவிஷனில் முதலில் வந்த நான்கு அணிகளுக்கு. அவர்கள் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மீதி மூன்று இடம், டிவிஷனை ஜெயிக்காத 12 அணிகளில் கணக்கு நன்றாக இருக்கும் மூவருக்கு. இந்த மூன்றுக்கும் வைல்டு கார்டு என்று பெயர். டிவி ரியாலிட்டி ஷோவில் பாதியில் வீட்டுக்குள் வருகிறவர்களை நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் முதல் நாளிலிருந்து ஆடியவர்கள்தான். வாசல்தான் வேறு.

உள்ளே வந்தபின் ஏழு பேருக்கும் 1 முதல் 7 வரை எண் கொடுப்பார்கள். இந்த எண்தான் சீடு. டிவிஷன் ஜெயித்த நால்வருக்கும் அவர்களுக்குள் கணக்குப்படி 1 முதல் 4. வைல்டு கார்டு மூவருக்கும் 5, 6, 7. வைல்டு கார்டு அணி எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் 5-க்கு மேலே ஏற முடியாது. அந்தக் காலை டீ நேரச் சண்டையின் பூட்டும் சாவியும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

2024 செப்டம்பரில் தொடங்கிய அந்த சீசனின் என்எஃப்சி வரிசையை அப்படியே தருகிறேன். முதல் சீடு டெட்ராய்ட் லயன்ஸ், 15-2. இரண்டு, பிலடெல்பியா ஈகிள்ஸ், 14-3. மூன்று, டாம்பா பே பக்கனியர்ஸ், 10-7. நான்கு, ராம்ஸ், 10-7. இவர்கள் நால்வரும் டிவிஷன் ஜெயித்தவர்கள். ஐந்து, வைக்கிங்ஸ், 14-3. ஆறு, வாஷிங்டன் கமாண்டர்ஸ், 12-5. ஏழு, பேக்கர்ஸ், 11-6. வைல்டு கார்டு மூவருமே மூன்றாம், நான்காம் சீடுகளைவிட அதிகம் ஜெயித்தவர்கள். வைக்கிங்ஸின் பாவம் அவர்கள் லயன்ஸோடு ஒரே டிவிஷனில் இருந்தது. லீக் சுற்றின் கடைசி ஞாயிறன்று, ஜனவரி 5-ஆம் தேதி, இருவரும் 14-2 என்ற கணக்கோடு டெட்ராய்ட்டில் நேருக்கு நேர் ஆடினார்கள். ஜெயித்தவருக்கு முதல் சீடு, தோற்றவருக்கு ஐந்தாம் சீடு. லயன்ஸ் 31-9. ஒரே ராத்திரியில் ஓர் அணி ஒன்றாம் இடத்துக்கும் இன்னொன்று ஐந்தாம் இடத்துக்கும் போனது. நடுவில் இருந்த மூன்று இடங்களும் வைக்கிங்ஸுக்கு எட்டாதவை.

இந்த விதியின் உச்சகட்டக் கூத்தை 2010 சீசனில் பார்க்கலாம். சியாட்டில் சீஹாக்ஸ் 7-9. ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். ஆனால் அந்த வருடம் அவர்கள் டிவிஷனில் மற்ற மூவரில் யாரும் 7-9-ஐத் தாண்டவில்லை, அதே கணக்கில் இருந்த ராம்ஸும் சமனை உடைக்கும் விதியில் பின்தங்கியது, ஆகவே சீஹாக்ஸ் டிவிஷன் சாம்பியன், நான்காம் சீடு. எதிரே வந்தது நடப்பு சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், 11-5. அமெரிக்கா முழுக்கச் சிரித்தார்கள். இந்த விதியைத் தூக்கிப் போடுங்கள் என்று எழுதினார்கள். 2011 ஜனவரி 8 அன்று சியாட்டிலில் ஆட்டம். கடைசி சில நிமிடங்களில் சீஹாக்ஸ் நாலு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது அதன் வீரர் மார்ஷான் லிஞ்ச் பந்தை வாங்கிக்கொண்டு நடுவில் புகுந்தார். ஒருவர் காலைப் பிடித்தார், உதறினார். இன்னொருவர் தோளில் தொங்கினார், உதறினார். குறுக்கே வந்த ஒருவரை ஒற்றைக் கையால் தள்ளினார், அந்த ஆள் சில கெஜம் தள்ளிப் போய் விழுந்தார். 67 கெஜம் ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டினார். அரங்கம் எழுந்து குதித்த குதியில் அருகிலிருந்த நிலநடுக்கக் கருவியில் அதிர்வு பதிவானது. சீஹாக்ஸ் 41-36. அந்த ஓட்டத்துக்கு இன்றைக்கும் நிலநடுக்கப் பெயர்தான்.

தகுதியே இல்லை என்று சொல்லப்பட்ட அணி சொந்த மைதானத்தில் ஜெயித்தது விதிக்குச் சாதகமான வாதமா, பாதகமான வாதமா? இரண்டு கட்சிக்காரர்களும் அதே ஆட்டத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

கணக்கு சமமாக இருந்தால்?

ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கேள்விக்கு உடனே வாயில் வருவது நெட் ரன் ரேட். என்எஃப்எல்லில் அதற்கு இணையான புள்ளி வித்தியாசம் வரிசையில் எங்கோ அடியில் கிடக்கிறது. பலவீனமான அணி ஒன்றை 50 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கினாலும் பெரிய லாபமில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

சமனை உடைக்கும் இந்த விதிகளுக்கு டை-பிரேக்கர் என்று பெயர். ஒரே டிவிஷனுக்குள் என்றால் முதலில் அந்த இரண்டு அணிகளும் நேரில் மோதியதில் யார் மேல் என்று பார்ப்பார்கள். அதிலும் சமமென்றால் டிவிஷன் ஆட்டங்களின் கணக்கு. அப்புறம் இருவரும் பொதுவாகச் சந்தித்த எதிரிகளோடு உள்ள கணக்கு, அப்புறம் கான்ஃபரன்ஸ் கணக்கு. அதற்கும் கீழே போனால் ‘வெற்றியின் பலம்’ என்று ஒன்று: நீ தோற்கடித்த அணிகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஜெயித்திருக்கின்றன? இப்படியே இறங்கி, கடைசிப் படியில் நாணயம் சுண்டுவது. வைல்டு கார்டுக்கான வரிசையில் சின்ன மாற்றங்கள் உண்டு, அவற்றை விட்டுவிடலாம்.

வெற்றியின் பலம் என்பது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 2024-இல் ராம்ஸ் உள்ளே வந்ததே அதனால்தான். சீஹாக்ஸும் 10-7, ராம்ஸும் 10-7. நேரில் ஆளுக்கு ஒன்று. டிவிஷனில் இருவரும் 4-2. கான்ஃபரன்ஸில் இருவரும் 6-6. ராம்ஸ் தோற்கடித்திருந்த அணிகள் வேறு ஊர்களில் வேறு யாரையோ ஜெயித்துக்கொண்டிருந்ததில் ராம்ஸின் எண் கூடியது. கடைசி வாரம் தொடங்கும் முன்பே டிவிஷன் ராம்ஸுக்கு என்று முடிவாகிவிட்டது. கடைசி ஆட்டத்தில் சீஹாக்ஸ் ராம்ஸையே ஜெயித்தும் பயனில்லை. 10 வெற்றியோடு ராம்ஸ் வீட்டு அணி, அதே 10 வெற்றியோடு சீஹாக்ஸ் வீட்டில்.

இதைவிட மோசமாக அடி வாங்கியது 2008-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். 11-5. டிவிஷனில் மயாமி டால்ஃபின்ஸும் 11-5, வைல்டு கார்டில் பால்டிமோர் ரேவன்ஸும் 11-5. இரண்டு இடத்திலும் கான்ஃபரன்ஸ் கணக்கில் ஓர் ஆட்டம் பின்தங்கி பேட்ரியாட்ஸ் வெளியே. அதே வருடம் சான் டியாகோ சார்ஜர்ஸ் 8-8 கணக்கில் டிவிஷன் ஜெயித்து உள்ளே வந்ததோடு, 12-4 என்றிருந்த இந்தியானாபோலிஸ் கோல்ட்ஸைச் சொந்த மைதானத்தில் தோற்கடிக்கவும் செய்தது.

டை-பிரேக்கர் பற்றிப் பேசும்போது 2022 ஜனவரி 9 இரவைச் சொல்லாமல் விட முடியாது. அந்த சீசனின் லீக் சுற்றில் 272 ஆட்டம், இது 272-ஆவது. லாஸ் வேகஸில் ரைடர்ஸும் சார்ஜர்ஸும், இருவரும் 9-7. அன்று பகலில் வேறொரு ஊரில் கோல்ட்ஸ் அணி, அதுவரை இரண்டே ஆட்டம் ஜெயித்திருந்த ஜாக்சன்வில் ஜாகுவார்ஸிடம் எதிர்பாராமல் தோற்றுப்போனது. அதனால் வினோதமான ஒரு நிலைமை உருவானது. ரைடர்ஸ்-சார்ஜர்ஸ் ஆட்டத்தில் ஜெயிக்கிறவருக்கு ஓர் இடம், கூடவே பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு ஓர் இடம். ஆனால் ஆட்டம் சமனில் முடிந்தால் இருவருமே உள்ளே, ஸ்டீலர்ஸ் வெளியே. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினால் போதும் என்று ஊரெல்லாம் கிண்டல்.

அப்படி ஆடவில்லை, உண்மையாகவே ஆடினார்கள். 15 புள்ளி பின்தங்கியிருந்த சார்ஜர்ஸ் கடைசி விநாடியில் 29-29 என்று சமன் செய்தது. கூடுதல் நேரத்திலும் 32-32. ரைடர்ஸ் கையில் பந்து, 38 விநாடி மீதி. அவர்கள் அவசரம் காட்டாமல் நேரத்தை ஓடவிடுவதுபோல் தெரிந்தது. அப்போது சார்ஜர்ஸ் பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்டார். அடுத்த ஓட்டத்தில் ரைடர்ஸ் 10 கெஜம் முன்னேறியது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பதற்கு ஃபீல்டு கோல் என்று பெயர். ரைடர்ஸின் டேனியல் கார்ல்சன் 47 கெஜத்திலிருந்து அதை உதைத்தார். கடிகாரம் பூஜ்யம். 35-32. ரைடர்ஸ் உள்ளே, சார்ஜர்ஸ் வெளியே, வேறொரு ஊரில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஸ்டீலர்ஸ் உள்ளே. அந்த டைம்-அவுட் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சண்டை போடுகிறார்கள்.

சுற்றுகள், ‘பை’, மறுவரிசை

இங்கிருந்து வேகமாகப் போகலாம். முதல் சுற்றில் 2-ஆம் சீடு 7-ஐயும், 3 ஆறையும், 4 ஐந்தையும் சந்திக்கும். சிறிய எண் உள்ளவருக்குச் சொந்த மைதானம். வைக்கிங்ஸ் ராம்ஸ் வீட்டுக்கு வந்தது இப்படித்தான், குலுக்கல் எதுவும் இல்லை. முதல் சீடுக்கு அந்த வாரம் ஆட்டமே கிடையாது, நேராக இரண்டாம் சுற்று. நம் ஊர் கபடி, வாலிபால் டோர்னமெண்டில் “பை கிடைச்சிடுச்சு” என்பார்களே, அதே பைதான்.

இரண்டாம் சுற்றில் புதிதாகப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. உலகக் கோப்பைக் கால்பந்தில் நாக்-அவுட் படம் முதலிலேயே வரைந்து ஒட்டப்பட்டிருக்கும். யார் ஜெயித்தால் யாரைச் சந்திப்பார் என்று கோடு போட்டுக் காட்டலாம். என்எஃப்எல்லில் அந்தக் கோடு கிடையாது. ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் மிஞ்சிய நால்வரை மறுபடி வரிசைப்படுத்தி, மிகச் சிறிய எண்ணுக்கு மிகப் பெரிய எண்ணை எதிரியாகக் கொடுப்பார்கள். மேலே முடித்தவனுக்கு எளிய எதிரி என்ற சலுகை. இதற்கு மறுவரிசை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

2024-இல் மிஞ்சியவை 1, 2, 4, 6. கோடு போட்ட படமாக இருந்திருந்தால் லயன்ஸுக்கு எதிரி ராம்ஸ். மறுவரிசையால் லயன்ஸுக்குக் கிடைத்தது ஆறாம் சீடு கமாண்டர்ஸ். ஒரு வாரம் ஓய்வு, சொந்த மைதானம், கடைசி எண் எதிரி என்று எல்லாச் சலுகையும் இருந்தும் லயன்ஸ் 31-45 என்று தோற்றது. சலுகை என்பது சலுகை மட்டும்தான். ஐபிஎல்லில் முதல் இரண்டு இடத்துக்கு ஒரு தோல்வியைத் தாங்கும் இரண்டாவது வாய்ப்பு உண்டு. இங்கே 15-2 கணக்கோடு வந்தாலும் ஒரு தோல்வி என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சொந்த மைதானச் சலுகை எவ்வளவு கனமானது என்பதை மயாமிக்காரர்களிடம் கேட்க வேண்டும். 2024 ஜனவரி 7-ஆம் தேதி, கடைசி லீக் ஆட்டத்தில் டால்ஃபின்ஸ் ஜெயித்திருந்தால் டிவிஷன் அவர்களுக்கு, இரண்டாம் சீடு, இளவெயில் அடிக்கும் மயாமியிலேயே முதல் ஆட்டம். பஃபலோ பில்ஸிடம் 14-21 என்று தோற்றார்கள். ஆறாம் சீடாக இறங்கி, ஆறு நாள் கழித்துக் கன்சாஸ் சிட்டிக்குப் போனார்கள். ஆட்டம் தொடங்கும்போது வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் பயிற்சியாளர் ஆண்டி ரீடின் மீசையில் பனிக்கட்டி தொங்கியது. 7-26 என்று தோற்று ஊர் திரும்பினார்கள்.

இரண்டாம் சுற்று முடிந்ததும் கான்ஃபரன்ஸுக்கு இருவர். அவர்கள் மோதி ஏஎஃப்சி சாம்பியன் ஒன்று, என்எஃப்சி சாம்பியன் ஒன்று. இந்த இரண்டும் பிப்ரவரியில் சூப்பர் பௌலில். கடைசி ஆட்டத்துக்கு மட்டும் மைதானம் சில ஆண்டுகள் முன்பே முடிவு செய்யப்பட்ட பொது மைதானம், சீடு பார்ப்பதில்லை. தற்செயலாக அது ஒருவரின் ஊராகவும் அமையலாம். 2021 பிப்ரவரியில் டாம்பா பே தன் சொந்த மைதானத்தில் சூப்பர் பௌல் ஆடி, சீஃப்ஸை 31-9 என்று வென்றது. அப்படி ஆடிய முதல் அணி அதுதான். அந்த வருடம் அவர்கள் ஐந்தாம் சீடு. அதற்கு முந்தைய மூன்று ஆட்டத்தையும் அடுத்தவர் ஊரில் ஜெயித்து வந்தார்கள்.

மொத்தம் 6 + 4 + 2 + 1, ஆக 13 ஆட்டம். முதல் சீடு மூன்று ஜெயித்தால் கோப்பை, மற்றவர் நான்கு. ப்ளேஆஃபில் சமன் கிடையாது, முடிவு தெரியும்வரை ஆட வேண்டும். 2022 ஜனவரி வரை கூடுதல் நேரத்தில் முதலில் பந்து பெற்ற அணி எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அந்த மாதம் பஃபலோ பில்ஸின் நட்சத்திர வீரர் ஜாஷ் ஆலன் கூடுதல் நேரத்தில் பந்தைத் தொடாமலே 36-42 என்று தோற்றதைப் பார்த்தபின், ப்ளேஆஃபில் இருவருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு என்று விதியைத் திருத்தினார்கள்.

விதி எப்போதும் இப்படியே இருந்ததா?

இல்லை. 1932-இல் ப்ளேஆஃப் என்ற ஒன்றே கிடையாது. சிகாகோ பேர்ஸும் போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸும் சமமாக முடித்ததால் ஒரு கூடுதல் ஆட்டம் வைத்தார்கள். வெளியே பனி, ஆகவே கூரை போட்ட அரங்கத்துக்குள், வழக்கத்தைவிடச் சிறிய மைதானத்தில், சற்று முன்பு நடந்த சர்க்கஸுக்காகக் கொட்டிய மண்ணின் மேல் ஆடினார்கள். பேர்ஸ் 9-0. கூட்டத்துக்கு அது பிடித்துப்போக, அடுத்த வருடமே அணிகளை இரண்டாகப் பிரித்து ஆண்டு முடிவில் ஓர் இறுதி ஆட்டம் என்று ஆக்கினார்கள்.

வைல்டு கார்டு 1970-இல் வந்தது, கான்ஃபரன்ஸுக்கு ஒன்று. 1978-இல் இரண்டு, 1990-இல் மூன்று. 2002-இல் டிவிஷன்கள் கூடியபோது மறுபடி இரண்டாகி, 2020-இல் திரும்ப மூன்று. 2020-க்கு முன்பு முதல் இரண்டு சீடுகளுக்கும் பை உண்டு; ஏழாவது அணியைச் சேர்த்தபோது இரண்டாம் சீடின் ஓய்வு போய்விட்டது.

சீடு என்பதே 1975-இல்தான். அதற்கு முன்பு யார் ஊரில் ஆட்டம் என்பது சுழற்சி முறை. 1972-இல் டால்ஃபின்ஸ் லீக் சுற்றில் 14-0. ஒரு தோல்விகூட இல்லாத அந்த அணி கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்துக்கு பிட்ஸ்பர்க்குக்குப் பயணம் போக வேண்டியிருந்தது, அந்த வருடம் சுழற்சி அங்கே வந்து நின்றதால். 21-17 என்று ஜெயித்து, சூப்பர் பௌலையும் ஜெயித்து, 17-0 என்று முடித்தார்கள்.

வைக்கிங்ஸ் விவகாரத்துக்குப் பிறகு 2025-இல் ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டது. டிவிஷன் ஜெயித்தவர்களுக்கு உள்ளே இடம் உறுதி, ஆனால் வைல்டு கார்டு அணியின் கணக்கு மேலாக இருந்தால் சீடு எண்ணும் மேலே போகட்டும் என்றது அது. கேட்டது வைக்கிங்ஸ் இல்லை. அவர்களைக் கடைசி ஞாயிறன்று தோற்கடித்து ஐந்தாம் இடத்துக்குத் தள்ளிய லயன்ஸ். போதுமான ஆதரவு கிடைக்கும் என்ற அறிகுறி இல்லை. மே மாதம் லயன்ஸே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.